கல்வெட்டில் இல்லாத பேச்சு

எங்கள் ஊர் நீதிமன்ற வாசலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. யுத்த காலத்தில் கருப்பண்ணன் என்பவர் அதே நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்று ஆற்றிய வீர உரை அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. "எங்கள் இரத்தம் எங்கள் மண்ணுக்கே உரியது, அந்நியன் நடத்தும் போருக்கு அதில் ஒரு துளியும் கிடையாது" என்று தொடங்கி மொத்தம் எட்டு வரி. அந்த எட்டில் ஒரு வரியைக்கூட அவர் பேசவில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், அவர் பேசியதை எழுதி வைத்திருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டவன் நான்தான்.

இதை இப்போது எழுதக் காரணம் போன மாதம் வந்த ஒரு போன். பேசியவர் கவிதா. நான் ஓய்வு பெறும் சமயத்தில் என்னிடம் வேலை பழகியவர். இப்போது அங்கே ரெக்கார்ட் கீப்பர். நீதிமன்றம் புதுக் கட்டடத்துக்கு மாறப் போகிறது. பழைய வழக்குக் கட்டுகளை எல்லாம் ஸ்கேன் எடுக்கிறார்கள். கல்வெட்டையும் பெயர்த்துக் கொண்டுபோய்ப் புது வாசலில் வைக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து, அந்த வழக்கின் அசல் காகிதத்தை அதில் போட வேண்டும் என்று இப்போதிருக்கும் நீதிபதிக்கு ஆசை.

"எல்லா ரேக்கும் பாத்துட்டனுங்க சார். அந்தக் கட்டு மட்டும் சிக்கலீங்க. நீங்க எங்காச்சும் பத்திரமா எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"அத நான் பத்திரமா அழிச்சுட்டேன் கண்ணு" என்றேன். நான் கிண்டல் செய்வதாக நினைத்து அவர் சிரித்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதையை நீட்ட விரும்பவில்லை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், ஒரு பரீட்சை, ஒரு ஆர்டர், காப்பியிஸ்ட் வேலை. என் வயதுக்காரர்கள் பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளில் நின்றார்கள், பிறகு கட்டிங் மாஸ்டர் ஆனார்கள், பிறகு சொந்தமாகக் கம்பெனி போட்டார்கள். நான் நகல் எடுத்தேன். ஆனால் பனியனிடமிருந்து தப்பிக்க முடியவில்லை. எங்கள் நீதிமன்றத்துக்கு வந்த வழக்குகளும் பனியன்தான். நூல் ஈரமாக வந்தது, சாயம் ஒட்டவில்லை, பாகஸ்தராக இருந்த மச்சான் லீவு நாளில் வந்து மிஷினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். இவற்றை எல்லாம் கார்பன் வைத்து நாலு நகல் அடித்து அடித்து என் இளமை போயிற்று. ஐந்தாம் வருஷம் என்னை ரெக்கார்ட் ரூமுக்குள் தள்ளினார்கள்.

அங்கேதான் அருணாசலம் சாரிடம் மாட்டினேன். அவர் எங்கள் சிரஸ்தார், அதாவது நீதிபதிக்கு அடுத்து அலுவலகத்தை நடத்துகிறவர். கோடையிலும் கோட்டு. சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று எழுத, ஒன்று யாராவது கடன் கேட்டால் கொடுக்க. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், நாம் குனிந்து கேட்க வேண்டியிருக்கும். கட்டைக் கையில் வாங்கியதும் முதலில் முடிச்சைப் பார்ப்பார். முடிச்சு இடது பக்கம் விழுந்திருக்க வேண்டும். வலது பக்கம் விழுந்திருந்தால் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார். எந்தக் கேள்விக்கும் அவரிடம் ஒரே பதில் கேள்விதான் உண்டு: "ரூல் என்ன சொல்லுது?"

வெளியே இருக்கிறவர்கள் ரெக்கார்ட் ரூம் என்றால் காகிதத்தைக் காப்பாற்றும் இடம் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். முதல் வாரமே அருணாசலம் சார் திருத்தினார். "காப்பாத்தறது கரையானுக்கு எதிரா பண்ற வேல சென்னியப்பா. அத யாரு வேண்ணாலும் பண்ணலாம். முறையா அழிக்கறதுதான் நம்ம வேல."

முறை என்றால் முறை. காலம் முடிந்த கட்டுகளுக்குப் பட்டியல் போட வேண்டும். இன்ன வழக்கில் தாக்கல் செய்த ஆவணங்கள் வேண்டுவோர் மனுச் செய்து பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். கெடு முடிந்ததும் நீதிபதி கையெழுத்து. பிறகு ஒவ்வொரு கட்டையும் பிரித்து, உள்ளே அசல் பத்திரம் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் படித்துப் பார்க்க வேண்டும். அப்புறம் கிழிப்பது. முதலில் நீளவாக்கில், அடுத்து குறுக்கே. இடது பாதி ஒரு சாக்கு, வலது பாதி இன்னொரு சாக்கு. ஒரு வரியின் தலையும் வாலும் ஒரே சாக்கில் போகக் கூடாது என்பது அருணாசலம் சார் தானாகவே சேர்த்துக்கொண்ட விதி. சாக்குகள் கடைசியில் போய்ச் சேர்ந்தது பனியன் வேஸ்ட் குடோனுக்கு. அங்கே கட்டிங் வேஸ்ட்டைக் கலர் வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள், எங்கள் தீர்ப்புகளை வெள்ளைக் குவியலோடு சேர்த்துவிட்டார்கள்.

அப்படிக் கிழித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ரேக்குக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்த ஒரு கட்டு கிடைத்தது. எப்போதோ அழித்திருக்க வேண்டியது. கண்ணில் படாததால் பிழைத்திருந்தது. அதன் நம்பர் மட்டும் ஒவ்வொரு முறையும் பட்டியலிலும் நோட்டீஸிலும் வந்துகொண்டிருந்தது. யுத்த காலத்துக் கிரிமினல் வழக்கு. எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், பெயரைப் பார்த்ததும் கட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். கருப்பண்ணனின் பேச்சைத்தான் நாங்கள் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருந்தோம். அவர் பேசப் பேச மாஜிஸ்ட்ரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார் என்று எங்கள் தமிழாசிரியர் பள்ளி மலரில் எழுதியிருந்தார். அவர் அதை எங்கே கேட்டார் என்று யாரும் கேட்கவில்லை. அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார்.

மாஜிஸ்ட்ரேட் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அழகான இங்கிலீஷ் கையெழுத்தில் எல்லாவற்றையும் எழுதியிருந்தார். சந்தையில் மாட்டு வண்டி மேல் ஏறி யுத்தத்துக்கு எதிராகப் பேசியது உண்மையா என்பது கேள்வி. கருப்பண்ணன் சொன்ன பதிலின் சாரம் இது. என் தம்பி நாச்சிமுத்து பட்டாளத்துக்குப் போனான். அவனைப் பற்றி ஒரு கடுதாசி வந்தது, இங்கிலீஷில். போஸ்ட்மேனுக்குப் படிக்கத் தெரியவில்லை. ஊரில் யாருக்கும் தெரியவில்லை. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற அதிகாரிகள் சந்தையில் வண்டி மேல் நின்று பேசினார்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நானும் வண்டி மேல் ஏறினேன். கடுதாசியைத் தூக்கிக் காட்டி, போன ஆளுக்கு என்ன ஆச்சு என்று படித்துச் சொல்லிவிட்டு அப்புறம் அடுத்த ஆளைக் கேளுங்கள் என்றேன். ஜனங்கள் கை தட்டினார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டது.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்பது கடைசிக் கேள்வி. இங்கேயாவது யாராவது இந்தக் கடுதாசியைப் படித்துச் சொன்னால் போதும் என்பது கடைசிப் பதில். அதற்குக் கீழே மாஜிஸ்ட்ரேட்டின் குறிப்பு: இந்தக் கோரிக்கை வழக்குக்குத் தொடர்பில்லாதது, தேவையானால் நகலுக்கு மனுச் செய்துகொள்ளட்டும். ஆறு மாதம் சிறை. கடுதாசி சான்றாவணம் இரண்டு என்று நம்பர் போடப்பட்டு, கட்டின் கடைசியில் தைக்கப்பட்டிருந்தது.

அதையும் படித்தேன். ரூல் அப்படி. ஒரு ஆஸ்பத்திரி அதிகாரி எழுதியது. நாச்சிமுத்து கப்பல் துறைமுகம் ஒன்றில் மூட்டை இறக்கும் படைப்பிரிவில் இருந்தார். காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்து இறந்துபோனார். ஊரில் தனக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாகக் கூட இருந்தவர்களிடம் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தைக்கென்று ஒரு சட்டை வாங்கித் தன் பெட்டியில் வைத்திருந்தார். குடும்பத்தினர் முகவரியை உறுதி செய்து பதில் எழுதினால் பெட்டி அனுப்பி வைக்கப்படும். இவ்வளவுதான் கடுதாசி.

நான் எழுந்து போய் அருணாசலம் சாரிடம் சொன்னேன். "சார், இது அந்தக் குடும்பத்துக் கடுதாசிங்க. குடுத்துரலாமுங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி அதை முழுதும் படித்தார். படித்து முடித்ததும் சற்று நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

"மனு வந்திருக்குதா?"

"இல்லீங்க."

"நோட்டீஸ் ஒட்டுனயா?"

"ஒட்டுனனுங்க. போன மாசமே ஒட்டியாச்சு."

"கெடு?"

"முடிஞ்சு போச்சுங்க. ஆனா அவங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்களே சார். நோட்டீஸ எப்படிப் படிப்பாங்க?"

"படிக்கத் தெரியாதவங்களுக்குத் தனி நோட்டீஸ்னு ரூல்ல இருக்குதா?" என்று மிக மெதுவாகக் கேட்டார். நான் குனிந்துதான் கேட்டேன்.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போயிருக்கலாம். நான்காக மடித்தால் தீப்பெட்டி அளவுதான் வரும். நான் போடவில்லை. அதற்கு அப்போது நேர்மை என்று பெயர், எனக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது. நீளவாக்கில் கிழித்தேன், குறுக்கே கிழித்தேன், இரண்டு சாக்கில் போட்டேன். அழிப்புப் பதிவேட்டில் ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சிறையிலிருந்து வெளியே வந்த கருப்பண்ணனுக்கு மாலை போட்டு ஊர்வலம் விட்டிருக்கிறார்கள். அவர் என்ன பேசினார் என்பதையும் ஊரே அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. அவரும் மறுக்கவில்லை. கடுதாசி படிக்கத்தான் வண்டி ஏறினேன் என்று மாலையோடு நிற்கிறவர் எப்படிச் சொல்வார்? நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பேச்சு எங்களை விடவில்லை. என் மகன் பள்ளிப் பேச்சுப் போட்டியில் அதையே பேசி இரண்டாம் பரிசு வாங்கினான். முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். உச்சரிப்பு நன்றாக இருந்தது.

இருபது வருஷம் கழிந்து, அருணாசலம் சாரின் நாற்காலியில் நான் இருந்தேன். கோட்டு மட்டும் போடவில்லை. கருப்பண்ணனின் பேரன் சிவக்குமார் வீரபாண்டியில் எக்ஸ்போர்ட் கம்பெனி வைத்துப் பெரிய ஆளாகிவிட்டார். தாத்தா பேசிய இடத்தில் கல்வெட்டு வைக்க வேண்டும் என்று மனுக் கொடுத்தார். அப்போதிருந்த நீதிபதி நியாயமான மனிதர். உரையின் வாசகத்தை அசல் பதிவோடு ஒப்பிட்டு அறிக்கை தரவும் என்று என்னைக் கேட்டார்.

என் அறிக்கையை இப்போதும் அட்சரம் பிசகாமல் சொல்வேன். "மேற்படி வழக்கின் பதிவுகள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன. எனவே வாசகத்தை ஒப்பிட இயலவில்லை. ஆட்சேபணை இல்லை." மூன்று வாக்கியம். மூன்றும் உண்மை. என் சர்வீஸிலேயே நான் எழுதிய பெரிய பொய் அதுதான்.

விழா நாளன்று கூட்டத்துக்குக் குறைவில்லை. சிவக்குமார் தன் கம்பெனி வேன்களில் ஆட்களைக் கொண்டுவந்து நாற்காலிகளை நிரப்பிவிட்டார். மைக்கில் எட்டு வரியை யாரோ முழங்கிக்கொண்டிருந்த நேரம், அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா அலுவலகத்துக்குள் வந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறவர் என்று தோளில் ஒட்டியிருந்த நூல் பிசிறே சொல்லியது.

"ஏனுங்க சார், இங்க பழைய காயிதமெல்லாம் ஆருகிட்டக் கேக்கோணுமுங்க?"

"எங்கிட்டத்தான். என்ன காயிதமுங்க?"

"எம்பேரு ராமாத்தாளுங்க. இந்தக் கல்லுல இருக்கறவரு எங்க பெரியப்பாருங்க. எங்கப்பன் பட்டாளத்துல இருந்தப்ப வந்த கடுதாசிய அவரு இங்க குடுத்துட்டாராமுங்க. சாகறப்ப எங்கம்மாகிட்டச் சொன்னாரு. அத வாங்கிக்கலாம்னு வந்தனுங்க."

சிவக்குமாருக்கு அத்தை முறை ஆகிறவர், அவர் கம்பெனியிலேயே செக்கிங் டேபிளில் வேலை. அதைப் பற்றி எனக்குக் கருத்துச் சொல்ல யோக்யதை இல்லை. நகல் மனு ஒன்றை எடுத்து நானே நிரப்பினேன். கைநாட்டு வைத்தார். அதே மனுவைத் திருப்பி, "பதிவுகள் அழிக்கப்பட்டன, மனு திருப்பப்படுகிறது" என்று எழுதி முத்திரை போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன். அவ்வளவு விரைவாக எங்கள் நீதிமன்றத்தில் எந்த மனுவும் முடிந்ததில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டார்.

"காயிதம் போனாப் போவுதுங்க. அதுல என்ன இருந்துச்சுன்னு ஆருக்காச்சும் தெரியுங்களா? எங்கப்பன் செத்துட்டாரா இருக்கறாரான்னே எங்களுக்குத் தெரியாதுங்க. எங்கம்மா இன்னும் தாலியக் கழட்டாம இருக்கறாங்க."

வெளியே எட்டாவது வரி முடிந்து கைதட்டல் கேட்டது. சொன்னால் கல் பொய்யாகும். என் "ஆட்சேபணை இல்லை" பொய்யாகும். கிழித்தவன் யார் என்ற கேள்வி வரும். இதெல்லாம் இப்போது சொல்லும் காரணங்கள். அப்போது இருந்தது பயம்தான், வேறு நல்ல பெயர் அதற்கு வைக்க முடியவில்லை.

"தெரியாதுங்களே" என்றேன்.

போன மாதம் கவிதாவிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன்.  "கேக்கவே சங்கடமா இருக்குதுங்க சார்" என்றார். "ஆனா ரெக்கார்ட் இல்லாம கல்லுல இருக்கறத எப்படீங்க மாத்தறது? நீங்க சொல்றத எதோட ஒப்பிட்டுப் பாக்கறதுங்க?" ஒப்பிட முடியாததைப் பதிவு செய்யாதே என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறார். கல் அப்படியே புதுக் கட்டடத்துக்குப் போகிறது. கண்ணாடிப் பெட்டி வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.

என் வார்த்தையை ஒப்பிட்டுப் பார்க்காமல் கேட்கக்கூடிய ஆள் ஒருவர்தான் மிச்சம். உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்தேன். பொங்கலூர்ப் பக்கம் மகன் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். மறுநாள் காலை பஸ் ஏறினேன். வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டே போனேன். எல்லாம் அலுவலக வாக்கியமாகவே வந்தது.

ராமாத்தாளுக்கு எண்பது தாண்டியிருக்கும். வாசலில் நிழலில் உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து மகன் கொண்டுவந்த பனியன்களில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. கோர்ட்டில் மனுவைத் திருப்பிக் கொடுத்த ஆள் என்றதும் தெரிந்துகொண்டு, மருமகளிடம் மோர் கொண்டுவரச் சொன்னார். மோரைக் கையில் வாங்கிக்கொண்டேன், குடிக்கவில்லை. சொல்லத் தொடங்கினேன். துறைமுகம், காய்ச்சல், பத்து நாள், குழந்தை, சட்டை, பெட்டி எல்லாம் சொன்னேன். தேதி மட்டும் நினைவில்லை. ஆயிரம் வழக்கு நம்பர் இன்னும் நினைவிருக்கிறது, ஒரு மனிதன் செத்த தேதி நினைவில்லை.

அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை. தலையைக் குனிந்தபடியே கேட்டார்.

"அந்தக் கடுதாசிய நீங்களே படிச்சீங்களா?"

"படிச்சனுங்க."

"முழுசா?"

"முழுசாப் படிச்சனுங்க. அப்புறம் நாந்தானுங்க கிழிச்சேன்."

"நா மனுக் குடுக்க வந்தனே, அப்பவே உங்களுக்கு இதெல்லாம் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

இப்போது கத்தரியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு எங்கம்மாவும் கம்பெனி வேன்ல வந்திருந்தாங்க. கோர்ட்டுப் படி ஏற முடியலீன்னு வேனுக்குள்ளயே உக்காந்திருந்தாங்க. நா வெளிய வந்ததும், கடுதாசி கெடச்சுதா கண்ணுன்னு கேட்டாங்க. இல்லீம்மா, அதுல என்ன இருந்துச்சுன்னு ஆருக்கும் தெரியாதாமான்னேன். அதுக்கப்புறம் மூணு வருசம் இருந்தாங்க. தாலியோடதான் எடுத்தோம்."

"தப்புத்தானுங்க" என்றேன். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் நான் படித்த எந்த விதியிலும் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் மடியில் கிடந்த பனியனை நீவி நீவி மடித்தார். குழந்தைகள் போடுகிற சின்ன சைஸ்.

"அந்தச் சட்ட என்ன கலருன்னு எழுதியிருந்துச்சுங்களா?"

"இல்லீங்க. அது எழுதலீங்க."

"செரி" என்றார். மடித்த பனியனை மடியிலேயே வைத்துக்கொண்டு, "அந்தச் சட்டையப் பத்தி மட்டும் இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.